லைசென்ஸ் உங்களுடையது, லிஸ்டிங் புரோக்கருடையது

வாசகர் கேள்வி - பதில்

அமெரிக்காவில் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் லைசென்ஸ் வாங்கி, ஒரு புரோக்கரேஜில் (ஏஜென்ட்டுகள் சேர்ந்து வேலை செய்யும் நிறுவனம்; அதன் பொறுப்பாளர் புரோக்கர்) சேர்ந்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனதும் வேறு இடம் மாற நினைக்கும் வாசகர்களிடமிருந்து நிறையக் கேள்விகள். டெக்சஸ், கலிஃபோர்னியா மாநிலங்களிலிருந்துதான் அதிகம் என்பதால் அந்த மாநில விதிகளையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். மற்ற மாநிலத்தார் தங்கள் லைசென்ஸ் ஆணையத்தின் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இதுவரை ஒரே ஒரு வீடுதான் முடித்தேன். இப்போதிருக்கும் இடத்தில் கமிஷனில் எனக்கு 70 சதவீதம், நிறுவனத்துக்கு 30. இன்னொரு நிறுவனம் "நூறு சதவீதமும் உங்களுக்கே" என்கிறது. மாறலாமா?
- வாசகி, டெக்சஸ்

பதில்: நூறு சதவீதம் என்று சொல்கிறவர் மாதக் கட்டணத்தைப் பற்றி எப்போது வாய் திறக்கிறார் என்று கவனியுங்கள். ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுவிடலாம். 4,00,000 டாலர் வீடு, உங்கள் பக்கத்துக் கமிஷன் 2.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 10,000 டாலர். பழைய இடத்தில் 70 சதவீதம் 7,000. ஒரு டீலுக்கு 300 டாலர் கட்டணம் போனால் கையில் 6,700. புதிய இடத்தில் முழு 10,000-மும் உங்களுக்கு, டீலுக்கு 500 கழித்தால் 9,500. ஆனால் மாதம் 500 டாலர் டெஸ்க் ஃபீ, அதாவது வருடத்துக்கு 6,000.

வருடத்துக்கு ஒரு வீடு முடித்தால் பழைய இடத்தில் 6,700, புதிய இடத்தில் 3,500. இரண்டு வீடு என்றால் 13,400-க்கு 13,000, கிட்டத்தட்ட சமம். மூன்றாவது வீட்டில்தான் புதிய இடம் முந்துகிறது: 20,100-க்கு 22,500. ஒன்றுமே முடிக்காத வருடத்தில் பழைய இடத்தில் நஷ்டம் இல்லை. புதிய இடத்தில் 6,000 டாலர் கைக்காசு. இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் இரண்டு ஒப்பந்தங்களிலும் உள்ள எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

எட்டு மாதத்தில் ஒரு வீடு என்றால் இப்போது உங்களுக்குக் குறைவது ஸ்ப்ளிட்டாக (கமிஷன் பங்கீடு) இருக்க வாய்ப்பில்லை, ஆள் துணைதான். வீட்டுச் சோதனை அறிக்கை வந்த இரவு, ஆப்ஷன் காலம் (வாங்குபவர் விலகிக்கொள்ளக்கூடிய காலம்) மறுநாள் மாலையோடு முடிகிறது என்ற நிலையில், திருத்த ஒப்பந்தத்தை எப்படி எழுதுவது என்று கேட்டால் போனை எடுக்கிறவர் யார்? புதிய நிறுவனத்தில் அந்த ஆளின் பெயரைக் கேளுங்கள். "எங்களிடம் சப்போர்ட் டீம் இருக்கிறது" என்று பதில் வந்தால், பெயரில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. சில நிறுவனங்களில் புதியவர்களின் முதல் சில டீல்களில் மென்டருக்கு என்று தனியாக ஒரு பங்கு பிடிப்பார்கள். நீங்கள் ஏற்கெனவே முடித்த ஒன்றை அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா, மறுபடி முதலிலிருந்தா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வருடாந்திர கேப் (நிறுவனம் எடுக்கும் பங்குக்கு வருட உச்சவரம்பு) இருந்தாலும் அதே கதைதான்: பழைய இடத்தில் கேப்புக்குச் செலுத்தியது உங்களோடு வராது.

கேள்வி: மாறுவதென்று முடிவு செய்துவிட்டேன். முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? எதை முதலில் செய்ய வேண்டும்?
- வாசகர், டெக்சஸ்

பதில்: வரிசை தப்பினால் நஷ்டம் உங்களுக்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சேர்ந்தபோது கையெழுத்திட்ட இண்டிபெண்டென்ட் கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தையும், அதில் குறிப்பிட்டிருக்கும் பாலிசி மேனுவலையும் தேடி எடுங்கள். பலரிடம் ஒப்பந்தம் இருக்கும், மேனுவல் இருக்காது. விலகிய பின்னான பங்கு, கட்டணப் பாக்கி, லீட் (வாடிக்கையாளராகக்கூடியவர்) பற்றிய விதி எல்லாம் பெரும்பாலும் மேனுவலில்தான் ஒளிந்திருக்கும். அதை இப்போதே, நிறுவனத் தளத்தில் நுழைய முடிகிறபோதே, இறக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது புதிய புரோக்கரோடு ஒப்பந்தம். பேச்சில் அல்ல, கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டும். டெக்சஸில் ஸ்பான்சர் செய்யும் (உங்களுக்குப் பொறுப்பேற்கும்) புரோக்கர் இல்லாத நிமிடத்திலிருந்து உங்கள் லைசென்ஸ் செயலற்றது. லைசென்ஸ் ரத்தாகவில்லை, ஆனால் வீடு காட்டக்கூடாது, விலை பேசக்கூடாது, ஏஜென்ட் என்று விளம்பரம் செய்யக்கூடாது. டிரெக் (டெக்சஸ் ரியல் எஸ்டேட் ஆணையம்) தளத்தில் உங்கள் கணக்கிலிருந்து ஸ்பான்சர் மாற்றக் கோரிக்கை அனுப்பலாம். புதிய புரோக்கர் அவர் பக்கத்தில் ஏற்க வேண்டும். அவர் எந்த நேரத்தில் கணினி முன் இருப்பார் என்று முன்னரே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு இது: வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விலகல் மின்னஞ்சல் போகிறது. பழைய புரோக்கர் ஐந்தே காலுக்கு ஸ்பான்சரை நீக்கிவிடுகிறார். அது அவர் உரிமை. ஐந்தரைக்கு எம்எல்எஸ் (ஏஜென்ட்டுகளின் பொது வீட்டுப் பட்டியல் தளம்) கடவுச்சொல் வேலை செய்யவில்லை, லாக்பாக்ஸ் (வீட்டுச் சாவிப் பெட்டி) செயலி திறக்கவில்லை. புதிய புரோக்கர் திங்கட்கிழமைதான் பார்ப்பார். நடுவில் சனி, ஞாயிறு, வரிசையாக ஆறு வீடு பார்க்க வரச் சொன்ன குடும்பம் ஒன்று. செவ்வாய் அல்லது புதன் காலையில் மாறுவது உத்தமம். அன்றைக்கு அலுவலகங்கள் திறந்திருக்கும், வாரயிறுதிக்குள் எல்லாம் சரியாகிவிடும்.

விலகல் கடிதம் மூன்று வரி போதும்: எந்தத் தேதி முதல் விலகுகிறீர்கள், நிலுவையில் உள்ள டீல்களின் முகவரிகள் என்ன, கமிஷனை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும். ஏன் போகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதும் ஆசை வரும். எழுதாதீர்கள், நிலுவைக் காசு வரும்வரை அந்தப் புரோக்கர் உங்களுக்கு வேண்டியவர். நீங்கள் ஊழியர் இல்லை என்பதால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய நோட்டீஸ் காலம் கிடையாது. அதே காரணத்தால் வேலையிழப்பு உதவித்தொகையும் பொதுவாகக் கிடையாது.

பிறகு ரியல்டர் சங்கமும் (ஏஜென்ட்டுகளின் தொழில் அமைப்பு) எம்எல்எஸ்ஸும். அதே உள்ளூர்ச் சங்கத்துக்குள் மாறினால் பொதுவாக மாற்றப் படிவம் ஒன்றோடு முடிந்துவிடும். புதிய புரோக்கர் வேறு சங்கத்தில் இருந்தால் உள்ளூர்க் கட்டணம் புதிதாக வரலாம். ஸ்ப்ளிட் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் முதல் எஸ்க்ரோ (விற்பனை முடியும்வரை பணத்தையும் ஆவணங்களையும் மூன்றாமவர் வைத்திருக்கும் ஏற்பாடு) இப்போதுதான் திறந்திருக்கிறது. முடிய இன்னும் மூன்று வாரம். அதற்குள் மாறினால் கமிஷன் எனக்கு வருமா?
- வாசகி, கலிஃபோர்னியா

பதில்: வரும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. வீடு வாங்குபவரோ விற்பவரோ கையெழுத்திட்டது உங்களோடு அல்ல, உங்கள் புரோக்கரோடு. எனவே அந்த டீல் பழைய நிறுவனத்தில்தான் முடியும், கமிஷன் அங்கேதான் போகும், அங்கிருந்துதான் உங்களுக்கு வரும். டெக்சஸ் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: ஏஜென்ட் தன் புரோக்கரிடமிருந்தோ, அந்தக் கமிஷனைச் சம்பாதித்தபோது இருந்த புரோக்கரிடமிருந்தோ மட்டும்தான் பணம் பெறலாம். புதிய புரோக்கருக்கு இதில் பங்கு இல்லை.

உங்கள் ஒப்பந்தத்தில் விலகிய பின்னான பங்கு என்று ஒரு பத்தி இருக்கும். சேரும்போது யாரும் படிக்காத பத்தி அது. 70 சதவீதம் 50 ஆகக் குறையலாம். அதோடு மீதி வேலையைப் பார்க்க நியமிக்கப்படும் ஏஜென்ட்டுக்கு ஒரு தொகையும் அதிலிருந்து போகலாம். 10,000 டாலர் கமிஷனில் 20 சதவீதக் குறைவு என்றால் 2,000 டாலர். மூன்று வாரம் பொறுத்தால் அந்த 2,000 உங்களுடையது. அவசரம் எதுவும் இல்லையென்றால் எஸ்க்ரோ மூடி, காசோலை வங்கியில் ஏறிய பிறகு மாறுங்கள் என்பதே எங்கள் கட்சி.

மூன்று வாரம் தாங்காது என்ற நிலை என்றால், போவதற்கு முன் புரோக்கரிடம் ஒரு மின்னஞ்சலாவது வாங்குங்கள்: சொத்தின் முகவரி, உங்கள் பங்கு எத்தனை சதவீதம், கழிக்கப்படும் கட்டணங்கள், எஸ்க்ரோ மூடிய எத்தனை நாளில் பணம், மீதி நாள் வேலையை யார் பார்ப்பார். "பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்ற வாய்ப்பேச்சு மூன்று வாரம் கழித்து நினைவில் இருக்காது. கலிஃபோர்னியாவில் புரோக்கரும் ஏஜென்ட்டும் எழுத்து ஒப்பந்தம் வைத்திருப்பது கட்டாயம், அதனால் உங்கள் பிரதி இல்லையென்றால் கேட்டு வாங்கலாம்.

கோப்பு முழுமையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிப்படுத்தல் படிவம் ஒன்றில் ஒரு இனிஷியல் விடுபட்டிருந்தால், "கோப்பு நிறைவடையவில்லை" என்று பணம் தங்கிவிடும். வெளியே போன பிறகு அந்தக் கையெழுத்தை வாங்க உங்களால் அந்த மென்பொருளுக்குள்ளேயே நுழைய முடியாது.

கேள்வி: என் லிஸ்டிங் என் சித்தப்பா வீடு. வீடு தேடுகிற மூன்று குடும்பமும் எங்கள் தமிழ்ச் சங்கத்து நண்பர்கள். இவர்கள் எல்லாம் என்னோடு வருவார்கள்தானே? புரோக்கருக்கு இவர்களை யாரென்றே தெரியாது.
- வாசகர், கலிஃபோர்னியா

பதில்: சித்தப்பா உங்களுடையவர். லிஸ்டிங், அதாவது வீட்டை விற்றுத்தரும் ஒப்பந்தம், புரோக்கருடையது. ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே நிறுவனத்தின் பெயர் இருக்கும். நீங்கள் அதன் சார்பில் கையெழுத்திட்டவர் மட்டுமே. வீடு வாங்குவோரோடான ஒப்பந்தமும் அப்படியே. 2024 ஆகஸ்ட் 17 முதல் எம்எல்எஸ் மூலம் வேலை செய்யும் ஏஜென்ட் வீட்டைச் சுற்றிக்காட்டும் முன்பே வாங்குவோரிடம் எழுத்து ஒப்பந்தம் வாங்க வேண்டியிருப்பதால், அந்த மூன்று குடும்பமும் ஏதோ ஒரு தாளில் கையெழுத்திட்டிருப்பார்கள்.

நீங்கள் ரியல்டர் சங்க உறுப்பினர் என்றால் அதன் நெறிமுறைக் கோவையில் 16-ஆம் பிரிவைப் படியுங்கள். நிறுவனத்தை விட்டுப் போகும் முன்னும் சரி, போன பின்னும் சரி, அந்த நிறுவனத்தோடான பிரத்யேக ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லி வாடிக்கையாளரைத் தூண்டக்கூடாது என்று அதில் நேராகவே இருக்கிறது. "சித்தப்பா, கேன்சல் பண்ணிட்டு என்கூட வந்துடுங்க" என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும் புகாருக்கு.

செய்ய வேண்டியது புரோக்கரிடமே கேட்பது. புதியவரின் ஒன்றிரண்டு லிஸ்டிங்குக்காக மல்லுக்கட்ட விரும்பாத புரோக்கர்கள் உண்டு, சும்மாவே விடுவித்துவிடுவார்கள். சிலர் ரெஃபரல் கட்டணம் (வாடிக்கையாளரை அனுப்பிவைத்ததற்கான பங்கு) கேட்பார்கள். 25 சதவீதம் என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் எண். அந்தக் கட்டணத்தை உங்கள் புதிய புரோக்கர்தான் பழைய புரோக்கருக்குக் கொடுக்க வேண்டும் என்பதால் அவரையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விடுவிப்பு எழுத்தில் வந்த பிறகே புதிய ஒப்பந்தம். பழையது உயிரோடு இருக்கும்போது புதியதில் கையெழுத்து வாங்கினால் சித்தப்பா இரண்டு கமிஷன் கட்ட வேண்டிய நிலை வரலாம்.

புரோக்கர் மறுத்தால், வாங்குவோர் விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் தனிநபரோடான வாங்குவோர் ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது. தேதியைப் பாருங்கள், சில வாரங்களில் அதுவே காலாவதியாகலாம். பிறகு அவர்கள் தாங்களாகவே யாரிடமும் வரலாம். ஒன்று மட்டும்: பழைய ஒப்பந்தக் காலத்தில் காட்டிய வீட்டையே பிறகு வாங்கினால் பழைய நிறுவனம் கமிஷன் கேட்க அந்த ஒப்பந்தத்தில் இடமிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அவர்களிடம் நீங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: "15-ஆம் தேதி முதல் நான் வேறு நிறுவனத்தில் இருப்பேன். உங்கள் ஒப்பந்தம் இப்போதைய நிறுவனத்தோடு தொடர்கிறது. இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அலுவலகத்திலிருந்து சொல்வார்கள்."

தொலைபேசியில் நீங்களே சேர்த்த எண்கள் உங்களுடையவை. நிறுவனம் கொடுத்த லீட் பட்டியல், நிறுவனத்தின் சிஆர்எம் (வாடிக்கையாளர் விவர மென்பொருள்), பரிவர்த்தனைக் கோப்புகள் உங்களுடையவை அல்ல. போவதற்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கு மொத்த சிஆர்எம்மையும் எக்செல்லில் இறக்குவது மிக மோசமான யோசனை. யார், எந்த நேரத்தில், எத்தனை பெயர் இறக்கினார் என்று அந்த மென்பொருளிலேயே பதிவு இருக்கும்.

கேள்வி: பயிற்சிச் செலவு 1,500 டாலர் பாக்கி என்று சொல்லிக் கடைசிக் கமிஷனில் பிடித்துக்கொண்டார்கள். டிரெக்கில் புகார் கொடுத்தால் வாங்கித் தருவார்களா?
- வாசகர், டெக்சஸ்

பதில்: மாட்டார்கள். கமிஷன் தகராறைத் தீர்ப்பது டிரெக்கின் வேலை அல்ல. முதலில் எந்தப் பத்தியின்படி பிடித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சீக்கிரம் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் வழக்கு பலவீனம். அப்படி ஒரு வரியே இல்லையென்றால், தொகை, சொத்தின் முகவரி, முடிந்த தேதி மூன்றையும் எழுதி, பத்து நாள் கெடு வைத்து, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பல தகராறுகள் அந்தக் கடிதத்தோடு முடியும்.

முடியவில்லையென்றால் ஒப்பந்தத்தில் மத்தியஸ்தம் அல்லது ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) கட்டாயமா என்று பாருங்கள். இல்லையென்றால் டெக்சஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கலிஃபோர்னியா ஸ்மால் கிளெய்ம்ஸில் (சிறு தொகை வழக்கு மன்றம்) தனிநபருக்கு வரம்பு 12,500. ரியல்டர் சங்க ஆர்பிட்ரேஷனுக்குப் போவதென்றால் 180 நாள் கெடு உண்டு; டீல் முடிந்த தேதியிலிருந்தோ விஷயம் தெரியவந்த தேதியிலிருந்தோ எண்ணுவார்கள். ஒருவருக்கொருவர் மின்னஞ்சலில் திட்டிக்கொண்டே அந்த ஆறு மாதத்தைத் தொலைத்தவர்கள் நிறைய.

கேள்வி: போர்டு, விசிட்டிங் கார்டு, இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் என் செலவில் போட்டவை. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, டெக்சஸ்

பதில்: காசு உங்களுடையது என்றாலும் அதில் இருக்கும் நிறுவனப் பெயர் மாற வேண்டும், அதுவும் முதல் நாளே. டெக்சஸில் விளம்பரத்தில் புரோக்கர் பெயர் கட்டாயம். அதில் உள்ள மிகப் பெரிய தொடர்பு விவரத்தின் அளவில் பாதியாவது இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் பிசினஸ், கூகுள் பக்கம், மின்னஞ்சல் கையொப்பம் என்று ஒரு பட்டியல் போட்டு ஒரே மணி நேரத்தில் மாற்றிவிடுங்கள். பெரும்பாலோர் மறப்பது குரலஞ்சலில் பதிவு செய்த வாசகம். சில வாடிக்கையாளருக்கு உங்கள் நிறுவன மின்னஞ்சல் முகவரி மட்டும்தான் தெரியும், அது மூடப்படும். அடுத்த முறை முதல் நாளிலிருந்தே சொந்த டொமைனில் மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள், புரோக்கர் அனுமதித்தால்.

கேள்வி: பழைய நிறுவனத்தில் நான் செய்த வேலைக்கு இரண்டு வருடம் கழித்து யாராவது வழக்குப் போட்டால்?
- வாசகர், கலிஃபோர்னியா

பதில்: நல்ல கேள்வி, கிளம்பும் அவசரத்தில் பலர் கேட்காதது. ஈ அண்ட் ஓ காப்பீடு (தொழில் தவறுகளுக்கான காப்பீடு) பெரும்பாலும், தவறு நடந்த நாளில் அல்ல, கோரிக்கை வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வகை. கூரை ஒழுகல் விஷயத்தை நீங்கள் வெளிப்படுத்தவில்லை என்று 2027-இல் ஒருவர் கேட்டால், அன்று பழைய நிறுவனத்தின் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும், அதில் முன்னாள் ஏஜென்ட்டுகளும் அடங்க வேண்டும். இரண்டையும் விலகும் முன் கேளுங்கள். புதிய நிறுவனத்திடம், அங்கே சேர்வதற்கு முந்தைய வேலைக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்பார்கள். டீல் ஒவ்வொன்றிலும் ஈ அண்ட் ஓ என்று உங்களிடம் பிடித்திருப்பார்களே, அந்த ரசீதுகளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் எச்-1பி. அவரும் லைசென்ஸ் எடுத்திருக்கிறார். நான் நிறுவனம் மாறும்போது அவரையும் ரெஃபரல் மட்டும் செய்யும் நிறுவனத்தில் சேர்த்துவிடலாமா? நான் எச்-4 இஏடி (எச்-1பி வைத்திருப்பவரின் துணைக்கான வேலை அனுமதி அட்டை).
- வாசகி, டெக்சஸ்

பதில்: லைசென்ஸ் வேறு, வேலை அனுமதி வேறு. உங்கள் இஏடி செல்லுபடியாகும்வரை நீங்கள் எந்த நிறுவனத்திலும் வேலை செய்யலாம், கமிஷன் வாங்கலாம். அட்டை காலாவதியாகும் தேதியைப் புதிய புரோக்கர் கேட்காவிட்டாலும் நீங்கள் நினைவில் வையுங்கள். எச்-1பி அந்த ஒரு முதலாளிக்கான அனுமதி. அதைக் கொண்டு கமிஷனோ ரெஃபரல் கட்டணமோ சம்பாதித்தால் அனுமதியற்ற வேலை என்று ஆகி, கிரீன் கார்டு நேரத்தில் தலைவலியாகும். கணவரின் லைசென்ஸ் செயலற்ற நிலையிலேயே இருக்கட்டும். குடிவரவு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசிவிடுவது நல்லது.

கேள்வி: வருட நடுவில் மாறினால் வரிக்கு என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், கலிஃபோர்னியா

பதில்: இரண்டு இடத்திலிருந்தும் தனித்தனி 1099-என்இசி (உங்களுக்குக் கொடுத்த தொகையைக் காட்டும் வரிப் படிவம்) வரும். பழைய நிறுவனத்துக்கு வீட்டு முகவரி மாற்றத்தைச் சொல்லாமல் போனால் அது தொலையும். வருமான வரித்துறைக்கு மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். ஒருவரும் வரி பிடிக்கமாட்டார்கள் என்பதால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி ஆகிய மாதங்களின் 15-ஆம் தேதிகளில் மதிப்பீட்டு வரி கட்டுவது உங்கள் பொறுப்பு. சுயதொழில் வரி மட்டுமே 15.3 சதவீதம், வருமான வரி அதற்கு மேல். எம்எல்எஸ் கட்டணம், சங்கச் சந்தாவில் கழிக்கத் தகுந்த பங்கு, ஈ அண்ட் ஓ, கார் மைல் எல்லாம் செலவில் வரும். 2025-இல் மைலுக்கு 70 சென்ட்டாக இருந்தது. மைல் பதிவு நிறுவனத்தின் செயலியில் இருந்தால், விலகும் முன் இறக்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் சொந்தப் பயணக் கணக்கு, யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள்.

கேள்வி: புதிய இடம் கிடைக்கும்வரை சும்மா இருந்தால் லைசென்ஸ் போய்விடுமா?
- வாசகி, டெக்சஸ்

பதில்: போகாது. ஆனால் காலாவதித் தேதி உங்களுக்காக நிற்காது. டெக்சஸில் புதிய ஏஜென்ட் 180 மணி நேரப் படிப்போடு தொடங்குகிறார். இரண்டு வருடத்தில் வரும் முதல் புதுப்பிப்புக்கு மொத்தம் 270 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், சட்டப் புதுப்பிப்பு வகுப்புகளும் உண்டு. அந்த 90 மணி நேரத்தை இந்த இடைவெளியிலேயே முடித்துவிடுங்கள்.